கதவுக்கு வெளியே நிற்பவள் சொல்வது

அன்புள்ள மீனாக்கா,

அன்புள்ள என்று போட்டுவிட்டேன். அது பொய் இல்லை. ஆனால் அன்போடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் உங்கள் பெயரில் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் உங்களைப் புகழ்ந்து எழுதித் தந்துவிட்டார்கள். அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிற வேலை எனக்கு. உங்கள் புகழில் எங்கெங்கே எழுத்து விட்டுப்போயிருக்கிறதோ அங்கெல்லாம் என் கையாலேயே போட்டுச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். கை வலிக்கிறது. வயிறும் எரிகிறது.

ஆமாம், பொறாமைதான். இறந்து போனவர் மேல் பொறாமைப்படுவது நன்றாகவா இருக்கிறது என்று கேட்பார்கள். நீங்கள் இருந்தபோதே பட்டவள் நான். நீங்கள் போய்விட்டீர்கள் என்பதற்காக அது மட்டும் எப்படிப் போகும்?

இந்தக் கடிதமும் மலரில் வரும். அதை வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் நம் இருவரையும் தெரிந்திருக்காது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மலாக்கா செட்டி வீட்டுப் பெண். கோயில் உண்டு, விபூதி உண்டு, மீனாட்சி என்று வாய் நிறையப் பெயர் உண்டு. வீட்டில் பேச்சு மட்டும் மலாய். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி காஜா பெராங்குக்கு வந்து சேர்ந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நீங்கள் டவுனில் ஓர் இங்கிலீஷ் பள்ளியில் நாவல் பாடம் நடத்திக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாள் சைக்கிளை என் வாசலில் நிறுத்திவிட்டு, என் பெயரை எப்படி எழுதுவது என்று கற்றுக்கொடு என மலாயில் கேட்டீர்கள்.

என்னைவிட மூத்தவர். மூக்குக் கண்ணாடி போட்டவர். சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் சமையலறை மேசையில் உட்கார்ந்து அ, ஆ எழுதினீர்கள். நான் வடை சுட்டுக்கொண்டே உங்கள் தப்பைத் திருத்தினேன். உங்கள் வாயில் 'தங்கச்சி' வரவில்லை. 'அடிக்' என்று மலாயில்தான் கூப்பிட்டீர்கள். அதுவும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. உங்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவள் என்ற பெருமையில் அக்கம்பக்கத்தில் கொஞ்சம் அலட்டிக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

ஞாயிறு வகுப்பை ஆரம்பித்தவள் நான். அதையும் அச்சில் போட்டுவிடுகிறேன், பிள்ளைகள் யாரும் எழுதவில்லை. தமிழ் ஆசிரியராக வேண்டும் என்று தேர்வுக்குப் படிக்கிறவர்களைக் கூட்டி, சங்கத்து மண்டபத்தை இரவல் வாங்கி, பாடத்துக்கு வைத்திருந்த நாவலை நான்தான் நடத்தினேன். மாமியார் வீட்டுக்கு வந்த மருமகள், 'நான்' 'நான்' என்று தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டு போகிற நாவல். மாமியாரின் தீய குணங்கள், எழுதிக்கொள்ளுங்கள். மருமகளின் நற்குணங்கள், எழுதிக்கொள்ளுங்கள். அவர்களும் தலை குனிந்து எழுதினார்கள். நீங்கள் பின் வரிசையில் உட்கார்ந்து நீங்களும் எழுதினீர்கள்.

பிறகு எனக்கு அம்மை வார்த்தது. திரும்பி வந்தபோது வகுப்பு என் வகுப்பாக இல்லை.

மண்டபத்து வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. நாவல் பாடத்தில் என்ன சிரிப்பு? எட்டிப் பார்த்தால், செங் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சைக்கிளில் வருகிற லெட்சுமி மாமியாராக நின்றுகொண்டிருக்கிறாள். உஜோங் பாசிர் ரெங்கசாமி, பஸ் கண்டக்டர் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவன், மகனாக நிற்கிறான். நீங்கள் நடுவில்.

"லெட்சுமி, நீ மானா நிற்கிறாய்?" என்று கேட்டீர்கள்.

மலாய்க்காரர் எங்கே என்பதற்கு மானா என்பார்கள். அதோடு நான் புத்தகத்திலிருந்து கற்றுக்கொடுத்த 'நிற்கிறாய்'. என் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. பிள்ளைகளோ கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

"அடுப்படிக்கு வெளிய நிக்கிறேன் டீச்சர்."

"அங்கே நின்றால் உனக்கு என்ன தெரியாது?"

லெட்சுமி யோசித்தாள். "மகன் பக்கத்து வீட்டுல சாப்புட்டுட்டு வந்தது எனக்குத் தெரியாது டீச்சர். அவன் பசியில்லன்னு எந்திரிச்சுப் போறது மட்டுந்தான் தெரியுது. மருமக சோறு போடலன்னு நெனச்சிட்டேன்."

"பாகூஸ், நல்லது! இப்போது திட்டு."

லெட்சுமி திட்டினாள் பாருங்கள். மண்டபமே கைதட்டியது. நான் அத்தனை வாரமாகத் தீய குணம் தீய குணம் என்று எழுதவைத்த கிழவி, அன்றைக்கு எல்லாருக்கும் பாவமாகத் தெரிந்தாள். ஒரு பாத்திரத்துக்கு என்ன தெரியும் என்று கேட்காதே, என்ன தெரியாது என்று கேள், அங்கேதான் அவள் கண் இருக்கிறது என்றீர்கள். நான் கதவோரத்திலேயே நின்றேன். நல்ல பாடம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதுதான் தாங்க முடியவில்லை. ஏதோ சுமாராக நடத்தியிருந்தால் நான் உங்களை மனம் விட்டுப் பாராட்டியிருப்பேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம் நீங்கள், ஒரு வாரம் நான் என்று பேச்சு. உங்கள் வாரத்தில் பெஞ்சு போதாமல் சன்னல் திட்டில் உட்காருவார்கள். என் வாரத்தில் யாருக்காவது தலைவலி வரும்.

மெர்டேக்கா, அந்தச் சுதந்திரச் சமயத்துப் பாடம் நினைவிருக்கிறதா? பண்டார் ஹிலிர் திடலில் கூட்டம் கூடிய மறு ஞாயிறு. ஆளுக்கு ஆள் பார்த்ததைச் சொல்லுங்கள் என்றீர்கள். ரெங்கசாமிக்கு முன்னால் நின்றவர் குடையை மடக்கவே இல்லையாம். அவன் கடைசி வரை குடைத் துணியின் கிழிசலைத்தான் பார்த்தானாம். லெட்சுமி கூட்டத்தில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு, எல்லாரும் மேலே பார்த்தபோது அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். நீங்கள் ஆனந்தமாகத் தலையாட்டினீர்கள். என் முறை வந்தது. நான் பிரமாதமாகச் சொன்னேன்: மக்கள் வெள்ளம், அலைகடல், விண்ணைப் பிளந்த முழக்கம்.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "அழகான தமிழ், அடிக். ஆனால் நீ மானா நிற்கிறாய்? மேகத்திலா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்கள் கேலி செய்யவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டீர்கள். எனக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது. நான் வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தம் வரக் கழுவினேன். என் வீட்டுக்காரர் என்ன ஏது என்று கேட்காமல் வெளியே போய்விட்டார்.

உங்கள் வீட்டு வழக்கத்தையே பாடமாக்கினீர்களே, அது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. போகிக்குப் போகி உங்கள் மக்கள் வீடுகளில் பர்ச்சு வைப்பார்கள். இறந்தவர்களுக்கு எது எது பிடிக்குமோ அதையெல்லாம் சமைத்து, வாழை இலை போட்டுப் பரிமாறி, அவர்களை அழைத்துவிட்டு, வீட்டார் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை உள்ளே யாரும் போகக் கூடாது.

"கதை சொல்கிறவன் முதலில் இதை முடிவு செய்ய வேண்டும்" என்றீர்கள். "கதவுக்கு உள்ளேயா, வெளியேயா? வெளியே நிற்கிறாய் என்றால் வெளியே நில் லா. உள்ளே பார்த்தது போல் சொல்லாதே. உள்ளே போகிறாய் என்றால், போகிற ஆளின் கண்ணோடு போ. அவள் முகத்தில் உன் கண்ணை ஒட்டாதே."

இதெல்லாம் என் சமையலறை மேசையில் எழுத்துக் கற்றவர் பேசுகிற பேச்சா? எனக்கு ஏன் தோன்றவில்லை? எங்கள் வீட்டிலும்தான் படையல் போட்டுக் கதவைச் சாத்துகிறோம்.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தபோது கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். எழுதினால் பிழை திருத்த ஆள் இல்லை.

பிறகு வகுப்பு முழுதாக என் கைக்கு வந்தது. இதைத்தானே ஆசைப்பட்டாய் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானே கேட்டுக்கொண்டேன். பழையபடி குணநலன்களை எழுதவைத்தேன். உங்கள் மாதிரியும் செய்து பார்த்தேன். "எங்கே நிற்கிறாய்?" என்று சுத்தமான தமிழில் லெட்சுமியைக் கேட்டால், அவள் பெஞ்சுக்கு எதிரில்தான் டீச்சர் என்றாள். ஒவ்வொரு வாரமும் ஒரு தலை குறைந்தது. கடைசியில் சங்கத்துச் செயலாளர் மண்டபத்து வாசலில் என்னை நிறுத்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். ஆளே வரல. பையனுங்க கேரம் போர்டு போட எடம் கேக்கறானுங்க. பொங்கல் வரைக்கும் பாப்போம், அப்புறம் பேசிக்கலாம்."

நான் ஆரம்பித்த வகுப்பு, உங்கள் கையில் சன்னல் திட்டு வரை நிறைந்தது, என் கையில் கேரம் போர்டுக்குப் போகப் பார்த்தது. அன்றைக்கு உங்கள் மேல் வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. போகிறவர், கொஞ்சம் மோசமாக நடத்திவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

துக்க வருஷம் கழிந்து வந்த முதல் போகிக்கு உங்கள் அண்ணன் ஆள் அனுப்பினார். பர்ச்சுவுக்கு டீச்சரும் பிள்ளைகளும் வரட்டும் என்று. நான் உளுந்து வடை சுட்டு எடுத்துக்கொண்டேன். சிலேட்டுப் பிடித்த காலத்தில் நீங்கள் கணக்கில்லாமல் தின்ற வடை. ரெங்கசாமி வந்திருந்தான், லெட்சுமி வந்திருந்தாள், தலைவலிக்காரர்கள் அத்தனை பேரும் தலைவலி இல்லாமல் வந்திருந்தார்கள்.

இலையில் தேங்காய்ப்பால் விட்ட நாசி லெமாக் சோறு, பிண்டாங் மீன் குழம்பு, நீங்கள் ஆசையாகச் சாப்பிடும் குவே பலகாரம் எல்லாம் வரிசையாக இருந்தன. லெட்சுமி கொண்டுவந்த முறுக்கை உங்கள் அண்ணன் வாங்கி இலை நடுவில் வைத்தார். என் வடையை ஓரத்தில் வைத்தார். ஓரத்தில், மீனாக்கா! அந்த முறுக்கு பாதி கருகியிருந்தது, நான் பார்த்தேன்.

உங்களைப் பெயர் சொல்லி அழைத்தார். பிறகு எல்லாரும் வெளியே வந்தோம். கதவு சாத்தியாயிற்று.

வெயில் முகத்தில் அடித்தது. அப்புறம் லெட்சுமி மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர் இப்ப உள்ளதான இருப்பாங்க. என்னத்த மொதல்ல பாப்பாங்க?"

"கண்ணாடி இல்லாம எதப் பாப்பாங்க? தடவித் தடவி மீனத்தான் எடுப்பாங்க" என்றான் ரெங்கசாமி. எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் வகுப்பு அந்த வாசலில் தானாகவே நடக்க ஆரம்பித்துவிட்டது. ஒருவன் நீங்கள் தாகத்துக்குத் தேடுவதைச் சொன்னான், ஒருத்தி முறுக்கைக் கடிப்பதைச் சொன்னாள். வடையை யாரும் சொல்லவில்லை.

"புஷ்பம் டீச்சர், நீங்க சொல்லுங்க" என்றாள் லெட்சுமி. "வெளிய நிக்கிற உங்களப் பத்தி அவங்க என்ன நெனைப்பாங்க?"

எனக்கு என்ன தோன்றியதோ, உங்கள் வாயால் பேச ஆரம்பித்துவிட்டேன். "நான் மீனாட்சி. உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். வெளியே புஷ்பம் நிற்கிறாள். அவளுக்கு என் மேல் பொறாமை என்று எனக்குத் தெரியும். எனக்கு அவள் மேல் எவ்வளவு பொறாமை என்று அவளுக்குத்தான் தெரியாது. அவளை அவள் அம்மா திட்டியதுகூடத் தமிழில். தாலாட்டு தமிழில். நான் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துத் தடவிப் படித்தேன். அவள் வடை சுட்டுக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் என் தப்பைச் சொன்னாள். அந்த மாதிரி ஒரு நாளாவது எனக்கு வருமா என்று ஏங்கிப் போனேன்."

லெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரெங்கசாமி என்னை ஒரு பார்வை பார்த்தான். உங்களை மட்டுமே பார்த்த பார்வை அது. எனக்கு உள்ளுக்குள் எப்படிக் குளிர்ந்தது தெரியுமா? ஆகா, நீங்களும் என்னைப் பார்த்து ஏங்கினீர்கள். சரிக்குச் சரி.

உங்கள் அண்ணனுக்குத் தமிழ் தெரியாதே. "அப்பா சாக்காப்?" என்று கேட்டார், என்ன பேசுகிறீர்கள் என்று. ரெங்கசாமி முழுவதையும் மலாயில் எடுத்துச் சொன்னான். உங்கள் அண்ணன் அந்த வாசலில், சாத்திய கதவுக்கு முன்னால், குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"செம்புரு? டியா? தாக் அடா லா!"

பொறாமையா, அவளுக்கா, கிடையவே கிடையாது என்றார். சின்ன வயதில் உங்கள் கையிலிருந்து யார் எதைப் பிடுங்கினாலும் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவீர்களாம். யாருடைய நகையையும் புடவையையும் நீங்கள் திரும்பிப் பார்த்ததில்லையாம். சரி, என்னைப் பற்றி வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று, நானே கேட்கக் கூச்சமாக இருந்ததால், ரெங்கசாமியை விட்டுக் கேட்டேன். அவர் யோசித்தார். 'புஷ்பம் வடை நன்றாகச் சுடுவாள்' என்பீர்களாம். வேறு? வேறு ஒன்றும் ஞாபகம் இல்லையாம்.

அந்த வடையைத்தான் ஓரத்தில் வைத்தார்.

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல் இருந்தது. பிள்ளைகள் எதிரில் அசடு வழிந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை வருஷம் நான் உங்களை நினைத்து வெந்திருக்கிறேன், நீங்கள் ஒரு நாள்கூட என்னை நினைத்து வேகவில்லை. அதற்கும் பொறாமையாக இருந்தது. பொறாமையே இல்லாத ஒரு மனசு உங்களுக்கு எப்படிக் கிடைத்தது, எனக்கு ஏன் கிடைக்கவில்லை?

கதவைத் திறந்த பிறகு எல்லாரும் உள்ளே போய்ச் சாப்பிட்டார்கள். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையாகவே வலித்தது.

அடுத்து வந்த ஞாயிறோடு மண்டபத்துச் சாவியைச் செயலாளரிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன். போனால், பர்ச்சுவுக்கு வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன செய்வது? கரும்பலகையில் எதையும் எழுதவில்லை. "அன்றைக்கு உங்கள் டீச்சர் வீட்டு வாசலில் நான் ஒரு கதை சொன்னேனே, அதில் என்ன தப்பு?" என்று கேட்டேன்.

ரெங்கசாமி எழுந்தான். "சொல்லலாமா டீச்சர்? கோச்சுக்க மாட்டீங்களே?"

"கோபித்துக்கொள்வேன். சொல்."

"அது மீனாட்சி டீச்சர் பேசுன மாதிரி இல்ல. நீங்க பேசுன மாதிரியே இருந்திச்சு. அவங்க மூஞ்சில உங்க கண்ண ஒட்டிட்டீங்க."

"ஆனா கேக்கறப்ப நம்புனோமே" என்றாள் லெட்சுமி. "நான் அழுதுகூட போட்டேன். 'நான்' 'நான்'னு சொன்னா நம்பிடறோம் போல." பேசிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். கையிலிருந்த நாவலைப் பார்த்தாள். "டீச்சர், இதுலயும் மருமகதான 'நான்'னு சொல்றா? அவளுக்கு மாமியார் மேல பொறாமன்னா? மகன் அம்மா பேச்சத்தான் கேக்கறான்னு எரிச்சலா இருந்திருந்தா? அப்ப மாமியாரு நெசமாவே அவ்வளவு கெட்டவங்களா, இல்ல இவ சொல்றதுனால அப்படித் தெரியுதா?"

மீனாக்கா, அந்த மண்டபம் அப்படிக் கொதித்து நான் பார்த்ததில்லை, உங்கள் வாரங்களில்கூட. முதல் அத்தியாயத்திலிருந்து பிரித்தார்கள். மாமியார் கதவைச் சாத்தினாள் என்று மருமகள் சொல்கிற இடத்தில், காற்றடித்துக்கூடச் சாத்தியிருக்கலாமே என்றான் ஒருவன். இல்லை, சாத்தியவள் மாமியார்தான் என்று இன்னொருத்தி சண்டைக்குப் போனாள். பொறாமைக்காரி எதைப் பெரிதாகச் சொல்வாள், எதை விட்டுவிடுவாள் என்று என்னைக் கேட்டார்கள். நான் சொன்னேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முறுக்கு கருகியதை மறக்காமல் சொல்வாள் என்றேன். அது நன்றாக இருந்ததா என்பதைச் சொல்ல மாட்டாள். லெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காவலாளி வந்து கதவைத் தட்டும்வரை எவரும் எழுந்திருக்கவில்லை.

கேரம் போர்டு இப்போது சனிக்கிழமைக்குப் போய்விட்டது. சன்னல் திட்டில் மறுபடியும் ஆள் உட்காருகிறார்கள். ரெங்கசாமி உங்கள் 'மானா நிற்கிறாய்' என்பதைச் சத்தமாகக் கேட்கிறான், நான் திருத்துவதில்லை. அதற்குப் பக்கத்தில் என் கேள்வியும் ஒன்று சேர்ந்திருக்கிறது: சொல்கிறவளுக்கு யார் மேல் எரிச்சல்?

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தேன். உங்களுக்கு எல்லாப் பாடமும் வரும். இந்த ஒரு பாடம் வராது. பொறாமைக்காரி சொல்லும் கதையை எப்படி வாசிப்பது என்று உங்களால் நடத்தவே முடியாது, மீனாக்கா. அதற்கு வேண்டிய சரக்கு உங்களிடம் இல்லை. என்னிடம் வீடு கொள்ளாமல் இருக்கிறது.

வகுப்பு முடிந்து கிளம்பும்போது லெட்சுமி சொன்னாள்: "மீனாட்சி டீச்சர் இருந்திருந்தா இந்தப் பாடத்தக் கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாங்க." பார்த்தீர்களா? அதுவும் உங்கள் பேருக்குத்தான் போயிற்று.

அடுத்த போகிக்கும் வருவேன். வடையோடு வருவேன், இலையின் நடுவில் வைக்கச் சொல்லி உங்கள் அண்ணனோடு மல்லுக்கு நிற்பேன். கதவைச் சாத்தியதும் வெளியே நிற்கிறேன் என்றால் வெளியேதான் நிற்பேன். உள்ளே நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று இனி நான் சொல்ல மாட்டேன், இது சத்தியம். கதவைத் திறந்ததும் வடை குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

உங்களுக்குத் தங்கச்சி என்று சொல்ல வராத,
இன்னும் வயிறு எரிந்துகொண்டிருக்கிற,
உங்கள் அடிக்
புஷ்பம்